லங்காவியிலிருந்து காலி வரை பாய்மரப் படகில்: பத்து நாளைத் தூக்கத்தைச் சுற்றி அமைப்பது எப்படி

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: பள்ளிக்கூடத்து நண்பர்கள் நான்கு பேர், 12 மீட்டர் பாய்மரப் படகு, பொங்கல் கழித்து லங்காவியிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகத்துக்குப் போக ஆசை. லுமுட், பங்கோர் பக்கம் கரையோரமாக ஓட்டிய பழக்கம் நால்வருக்கும் உண்டு. கரை தெரியாத கடலில் இருந்ததில்லை. அங்கே பகலும் ராத்திரியும் எப்படிக் கழியும், என்னென்ன ஏற்ற வேண்டும், எங்கே தவறு நடக்கும் என்பது கேள்வி.

தம்பி, முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இந்தப் பயணத்தில் நீங்கள் காப்பாற்ற வேண்டிய முதல் சரக்கு தூக்கம். கயிறு அறுவது, சமையலறையில் சுட்டுக்கொள்வது, கப்பலைக் கவனிக்காமல் விடுவது, நண்பர்களுக்குள் பேச்சு முறிவது எல்லாம் பெரும்பாலும் மூன்றாம் நாள் நான்காம் நாள், சரியாகத் தூங்காத ஆளிடமிருந்துதான் வரும். காவல், சமையல், பாய், படுக்கை எல்லாவற்றையும் தூக்கத்தைச் சுற்றி அமையுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்குத்தான்.

தூரம் ஏறத்தாழ 1,160 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட் வேகம். உங்கள் அளவுப் படகு சராசரியாக 5 நாட் போகும், நாளுக்கு 120 மைல், ஆக 10 நாள். காற்று நன்றாக நின்றால் 8 நாளிலும் போகலாம், விழுந்துவிட்டால் 13 ஆகும். சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் 15 நாளுக்குக் கணக்கிடுங்கள். வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பர் முதல் மார்ச் வரை வீசும். வங்காள விரிகுடாவில் புயல்கள் அதிகம் எழுவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. பொங்கலுக்குப் பிறகு கிளம்புவது என்பது நல்ல முடிவு. ஜனவரியிலும் அபூர்வமாகப் புயல் வரும் என்பதால் கிளம்பும் முன் பத்து நாள் வானிலையைப் பார்த்தே கயிறை அவிழ்க்க வேண்டும். சுமத்ராவின் வடமுனைக்கும் பெரிய நிக்கோபாருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் புகுந்து மேற்கே போவீர்கள். நிக்கோபாரில் அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. அதை ஒதுங்கும் இடமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காவலுக்கு வருவோம். ராத்திரி 8 முதல் காலை 8 வரை பன்னிரண்டு மணி நேரம், ஆளுக்கு மூன்று: 8–11, 11–2, 2–5, 5–8. யாருக்கு எந்த நேரம் என்று லங்காவியிலேயே முடிவு செய்து, காலி வரை மாற்றாதீர்கள். தினமும் மாற்றிப் போடுவது நியாயமாகத் தெரியும். ஆனால் உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகவே இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பழகுவதற்குள் நேரத்தை மாற்றினால் நால்வரும் பத்து நாளும் அரைத்தூக்கத்தில்தான் இருப்பீர்கள். உங்களில் இரண்டு பேர் செம்பனை ஆலையில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2–5 அவர்களில் ஒருவருக்குப் போகட்டும். விடிகாலையில் எழுந்தே பழகியவருக்கு 5–8. கேப்டன் 8–11 எடுத்துக்கொள்ளட்டும். அந்திக் காற்று எப்படித் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு அவர் படுக்கலாம். முதல் இரண்டு ராத்திரி மட்டும் இரண்டு மணி நேரக் காவலாகச் சுருக்குங்கள். வாந்தியோடு மூன்று மணி நேரம் உட்கார முடியாது.

பகலில் ஒருவர் அன்றைய சமையல்காரர். அவருக்குப் பகல் காவல் கிடையாது. மற்ற மூவர் 8–12, 12–4, 4–8. நான்கு நாளுக்கு ஒருமுறை சமையல் சுற்றி வரும். சமைப்பவரே பாத்திரமும் கழுவுவார், மற்றவர்கள் அன்றைக்கு அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம். “நான் நேற்றும் கழுவினேன்” என்ற பேச்சு இதனால் எழாது.

காவல் மாறும் நிமிடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். மணி 1.40. காவலில் இருப்பவர் கீழே இறங்கி, அடுத்தவரின் தோளைத் தொட்டு, பேர் சொல்லி எழுப்புகிறார். பெரிய விளக்கைப் போடுவதில்லை. சிவப்பு விளக்கு மட்டும். இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடியும் முதலிலிருந்து. எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார் என்று பார்த்த பிறகே மேலே திரும்ப வேண்டும். “உம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பது மனித இயல்பு. 1.50-க்கு அவர் உயிர்காப்பு அங்கி போட்டு, படியில் நிற்கும்போதே இடுப்புக் கயிற்றை வெளியே உள்ள வளையத்தில் மாட்டிவிட்டுத்தான் காக்பிட்டுக்குள் (படகை ஓட்டுபவர் உட்காரும் திறந்த பகுதி) கால் வைக்கிறார். பழைய காவல்காரர் ஐந்து விஷயம் சொல்வார்: திசை என்ன, காற்று எங்கிருந்து எவ்வளவு, எந்தப் பாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, எந்தக் கப்பல் எந்தப் பக்கம், பேட்டரி எவ்வளவு. அதை லாக் புத்தகத்தில் (பயணக் குறிப்பேடு) எழுதி, கையெழுத்துப் போட்டு, புதியவரின் கண் பழகும் வரை இன்னும் ஐந்து நிமிடம் கூட உட்கார்ந்துவிட்டுப் படுக்கப் போவார். பத்து நிமிடம் தாமதமாக மேலே வருவது அடுத்தவன் தூக்கத்தில் பத்து நிமிடத்தை எடுப்பது. நண்பர்களுக்குள் முதல் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் முளைக்கும். தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரம் தவறாமல் நின்ற பெற்றோர் வளர்த்த பிள்ளைகள் நீங்கள், இதில் பிசகாதீர்கள்.

காவலில் என்ன பார்ப்பது? காக்பிட்டில் உட்கார்ந்தால் கண் தண்ணீரிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து தொடுவானம் 3 மைல்கூட இல்லை. பெரிய கப்பலின் உயர விளக்கு 8 மைலிலேயே தெரியலாம். அது 18 நாட் வேகத்தில் எதிரே வர, நீங்கள் 6 நாட் போக, இரண்டும் சேர்ந்து 24. எட்டு மைல் 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று சுற்றிலும் ஒரு முழுப் பார்வை. சமையலறை டைமர் ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். நீங்கள் மேற்கே போவதால் பல கப்பல்கள் பின்னாலிருந்து உங்களை முந்தும். ஆனால் எல்லாரும் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். பின்பக்கம்தான் முக்கியம். சந்தேகமாக இருக்கும் கப்பலின் திசையைக் கைக் காம்பஸால் ஐந்து நிமிடம் இடைவெளியில் அளந்து பாருங்கள். திசை மாறாமல் வெளிச்சம் மட்டும் பெரிதானால் அது உங்கள் மீதுதான் வருகிறது. சுற்றியுள்ள கப்பல்களின் பேரையும் இடத்தையும் காட்டும் ஏஐஎஸ் கருவியில் அதன் பேரைப் பார்த்து, விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பேர் சொல்லாமல் கூப்பிட்டால் பல கப்பல்கள் பதில் தருவதில்லை. ஏஐஎஸ் எச்சரிக்கையை 2 மைல் நெருக்கம், 30 நிமிடம் முன்பு என்று வைத்துவிடலாம். ஆனால் மீன்பிடிப் படகுகள் பலவற்றில் ஏஐஎஸ் கிடையாது. லங்காவியை விட்ட முதல் ராத்திரியும், இலங்கையை நெருங்கும் கடைசி இரண்டு ராத்திரியும் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும்.

சுமத்ராவின் வடமுனையிலிருந்து இலங்கையின் தெய்வேந்திரமுனை வரை கப்பல்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் ஓடும். அந்தக் கோட்டுக்கு 15, 20 மைல் வடக்கே தள்ளியே போங்கள். காற்றும் அலையும் ஒன்றுதான், ஆனால் காவல்காரருக்கு நெஞ்சு படபடப்பு பாதியாகும். தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே கப்பல்களுக்குப் போக்குவரத்துப் பிரிப்புப் பாதை இருக்கிறது; அதற்கும் கரைக்கும் நடுவே நீங்கள் போய்விடலாம்.

அடுத்தது பாய். வடகிழக்குக் காற்றில் மேற்கே போனால் காற்று வலப்பக்கப் பின்புறத்திலிருந்து வரும். பெரிய பாயும், அதன் அடியைத் தாங்கும் குறுக்குத் தடியான பூமும் இடப்பக்கம் வெளியே விரிந்திருக்கும். ஓர் அலை படகின் பின்பக்கத்தைத் தள்ளிவிட்டால் காற்று பாயின் மறுபக்கம் புகுந்து, பூம் ஒரே வீச்சில் இந்தப் பக்கம் வந்து அடிக்கும். தலையில் பட்டால் உயிர் போகும், படவில்லையென்றாலும் பூமைப் பாய்மரத்தோடு இணைக்கும் இரும்பு முறியலாம். பூமின் கடைசி முனையிலிருந்து ஒரு கயிறு, படகின் மூக்கு வரை போய், அங்கே ஒரு கப்பி வழியாகத் திரும்பி காக்பிட்டுக்கு வரட்டும். அதை இழுத்துக் கட்டிவிட்டால் பூம் நகராது. பூமின் நடுவில் கட்டாதீர்கள், அந்த இடத்தில் பூமே வளைந்துவிடும்.

இருட்டுவதற்கு முன் பாயை ஒரு படி சுருக்குங்கள். காற்று அப்போது 12 நாட்தானே, எதற்கு என்று தோன்றும். அரை நாட் வேகம் குறையும், ராத்திரி முழுவதற்கும் ஆறு மைல். நாளைக்கு ஒரு மணி நேரப் பயணம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் நடுராத்திரி 2 மணிக்கு மழைக்காற்று திடீரென 28 நாட்டுக்கு ஏறும்போது யாரையும் எழுப்பாமல் காவல்காரர் ஒருவரே முன்பாயைச் சுருட்டிச் சமாளிப்பார். சுருக்காமல் விட்டால் நால்வரும் எழ வேண்டும், ஒருவர் இருட்டில் பாய்மரத்தடிக்குப் போக வேண்டும், அதன் பிறகு யாருக்கும் தூக்கம் வராது.

படுக்கும் இடம்: முன்பக்க அறைதான் துறைமுகத்தில் அழகான அறை. கடலில் அங்கே படுத்தால் ஒவ்வொரு அலைக்கும் உடம்பு எழும்பி விழும். படகின் நடுப்பகுதிப் படுக்கையே நல்லது, அதிலும் இடப்பக்கம். காற்று வலப்பக்கத்திலிருந்து என்பதால் படகு இடப்பக்கம் சாய்ந்தே போகும், நீங்கள் சுவரோடு ஒட்டிப் படுக்கலாம். வலப்பக்கப் படுக்கைக்குக் கட்டாயம் துணித் தடுப்பு கட்ட வேண்டும். நன்கு தைத்த கெட்டித் துணி, மேலே இரண்டு கொக்கியில் இழுத்துக் கட்டியது. ஒரே படுக்கையை இரண்டு பேர் மாறி மாறிப் பயன்படுத்துவீர்கள். தலையணையும் விரிப்பும் அவரவருடையது. அலைநீர் தெறிப்பதால் ஜன்னல்கள் மூடியிருக்கும், உள்ளே புழுக்கம் தாங்காது. ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு 12 வோல்ட் விசிறி, போர்த்த ஒரு பருத்திக் கைலி போதும். உப்புநீர் பட்ட துணியோடு படுக்கையில் ஏறக் கூடாது. உப்பு ஏறிய மெத்தை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பிறகு காயவே காயாது. அலமாரிக்குள் உருளும் ஒரு சார்டின் டின் போதும், அடுத்திருப்பவர் ராத்திரி முழுக்க விழித்திருப்பார். டின்களுக்கு நடுவே துண்டைத் திணித்து வையுங்கள்.

கடல்மயக்கம் முதல் இரண்டு மூன்று நாள். சின்னரிசின் மாத்திரை பலருக்குக் கேட்கும்: கிளம்புவதற்கு 2 மணி நேரம் முன் 30 மில்லிகிராம், பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 15. வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் வயிற்றில் நிற்காது. தூக்கம் வரும் மருந்து என்பதால் வீட்டில் ஒருநாள் போட்டுப் பாருங்கள். வேறு மருந்து சாப்பிடுபவர் மருந்தாளரிடம் கேட்டாக வேண்டும். மயக்கம் வந்தவர் வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கட்டும், இல்லையென்றால் கண்ணை மூடி மல்லாந்து படுக்கட்டும். உள்ளே உட்கார்ந்து போனைப் பார்ப்பதுதான் கெடுதல். வாந்தி வாளியில்தான், கம்பிக்கு வெளியே குனிந்து வாந்தி எடுக்கும் ஆள் கடலில் விழும் ஆள். ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து வாய் வாயாகக் கொடுங்கள். உங்களில் நீரிழிவுக்காரர் யாராவது இருந்தால், சாப்பாடு நிற்காத நாளில் மாத்திரையோ ஊசியோ எவ்வளவு என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, அந்தத் தாளை மற்ற மூவரும் படித்திருக்க வேண்டும். மருந்தை இரண்டு பையில் பிரித்து இரண்டு இடத்தில் வையுங்கள். தைப்பூச விரதம் பயணத்துக்குள் விழலாம். சைவமாகச் சமைப்பது எளிது, நால்வரும் சைவமாகவே சாப்பிட்டுவிடுங்கள். ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதத்தோடு ராத்திரிக் காவல் மட்டும் வேண்டாம்.

சமையலில் பெரிய ஆபத்து நெருப்பைவிட கொதிநீர்தான். அடுப்பு ஊஞ்சல் போலத் தொங்கி, படகு சாயும்போது நேராக நிற்கும். அதன் பூட்டை எடுத்துவிட்டு, பாத்திரத்தை இரண்டு பக்கமும் பிடியால் இறுக்க வேண்டும். பாத்திரம் ஆழமானது, பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். சமைப்பவர் மழைக்கோட்டுத் துணியில் ஏப்ரன், நீளக் கால்சட்டை, செருப்பு. அடுப்புக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில், இடுப்புப் பட்டையில் சாய்ந்து நிற்க வேண்டும். தேநீரைக் கையில் பிடித்த கோப்பையில் ஊற்றக் கூடாது. கோப்பையைக் கழுவுதொட்டிக்குள் வைத்து ஊற்றுங்கள்.

நம் சமையலில் உள்ள சிக்கல் தாளிப்பு. ஆடும் படகில் கொதிக்கும் எண்ணெய் கூடவே கூடாது. கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் வீட்டிலேயே தாளித்து, ஆறியதும் இரண்டு பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை முறுமுறுவென்று ஆகும் வரை வறுபட வேண்டும், ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். பருப்பு வெந்ததும் மேலே ஒரு கரண்டி ஊற்றினால் வேலை முடிந்தது. அப்பளத்தைப் பொரிக்காமல் நெருப்பில் சுடுங்கள். நெத்திலிச் சம்பலை எண்ணெய் பிரியும் வரை நன்றாக வதக்கி, குளிர்பெட்டியில் வைத்துக் காய்ந்த கரண்டியால் எடுத்தால் பயணத்தின் முதல் பாதிக்குத் துணை. தோசை மாவு வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் ஒரே ராத்திரியில் பொங்கி பெட்டி முழுவதும் வழியும். காலையில் பசியாற ரவை உப்புமா, அவல், முட்டை. முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கிளம்புமுன்னே சமைத்து உறையவைத்த சாப்பாடு எடுத்துப் போங்கள், அந்த இரண்டு நாள் யாருக்கும் அடுப்படியில் நிற்க முடியாது.

நான்கு பேருக்கு 15 நாள் என்றால் அரிசி 13 கிலோ போதும், 20 கிலோ ஏற்றுங்கள். பருப்பு 4 கிலோ, வெங்காயம் 6, உருளைக்கிழங்கு 6, சார்டின் டின் 24, முட்டை மூன்று தட்டு, எலுமிச்சை 40, டப்பாத் தேங்காய்ப் பால் 15. ராத்திரிக் காவலுக்கு முறுக்கு, பிஸ்கட், மைலோ, இஞ்சி மிட்டாய். இதெல்லாம் சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ வாங்கிவிடலாம், காய்கறியும் முட்டையும் மட்டும் கிளம்புவதற்கு முந்தின நாள் லங்காவிச் சந்தையில். குளிரில் வைக்காத முட்டையாகக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை குளிர்பெட்டிக்குப் போய் வந்த முட்டை வெளியே நிற்காது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டோடு கவிழ்த்து வைத்தால் மூன்று வாரம் தாங்கும். வெங்காயமும் உருளையும் ஒரே கூடையில் வேண்டாம், ஒன்றை ஒன்று கெடுக்கும். முட்டைக்கோசைத் தாளில் சுற்றி வையுங்கள். பூசணியை வெட்டாதவரை கவலையே இல்லை. எந்த அட்டைப் பெட்டியும் படகில் ஏறக் கூடாது. அட்டை மடிப்பில் கரப்பான் முட்டை இருக்கும். எல்லாவற்றையும் ஜெட்டியிலேயே பிரித்து, மூடி திருகும் டப்பாவில் மாற்றுங்கள்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சமைத்து முடித்ததும் தோம்பின் (எரிவாயு சிலிண்டரின்) வாயையே மூடுவது சமையல்காரரின் கடைசி வேலை. பிரஷர் குக்கர் இருந்தால் நால்வருக்கு நாளுக்குக் கால் கிலோ வாயுகூடச் செலவாகாது.

தண்ணீர்: குடிக்க ஆளுக்கு 3 லிட்டர், சமைக்க 1. நால்வருக்கு நாளுக்கு 16, பதினைந்து நாளுக்கு 240. கழுவ ஆளுக்கு 2 லிட்டர் சேர்த்தால் இன்னும் 120. கடல்நீரைச் சுத்திகரிக்கும் கருவி இருந்தாலும் குடிக்கும் 240 லிட்டரை ஏற்றித்தான் ஆக வேண்டும், அந்தக் கருவி கெட்டுப்போகும் இடம் நடுக்கடல்தான். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். குறைந்தது நான்கு 20 லிட்டர் கேன் தனியாக இருக்கட்டும். மூடி வழியாக உப்புநீர் இறங்கினால் ஒரு தொட்டி மொத்தமும் வீண். குளியல் வாளிக் கடல்நீரில், கடைசியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரை உடம்பில் ஊற்றித் துடைத்துவிடுங்கள். உப்பு காய்ந்த தோலில் உட்காரும் இடத்தில் கொப்புளம் வரும், மூன்று நாளில் உட்காரவே முடியாது. சோற்றுக்கு உப்பு தனியே வேண்டாம்: ஆறு பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு கடல்நீர் சரியாக இருக்கும், கரையை விட்டு வெகுதூரம் வந்த பிறகு. கழிவறையில் ஆண்களும் உட்கார்ந்தே போக வேண்டும், தாள் தனிப் பையில். ராத்திரி படகின் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிப்பது கடலில் விழும் இன்னொரு வழி, அதற்கு முழுத் தடை போடுங்கள். பிளாஸ்டிக் ஒரு துண்டுகூடக் கடலுக்குப் போகக் கூடாது, கழுவி நசுக்கிக் காலி வரை வைத்திருங்கள்.

மின்சாரத்தில் பலரும் மறப்பது நிழல். மேற்கே போகும்போது தெற்கு உங்கள் இடப்பக்கம். ஜனவரியில் வெயிலும் தெற்கே சாய்ந்து விழும், பெரிய பாயும் அதே இடப்பக்கம்தான் விரிந்திருக்கும். 400 வாட் சூரியப் பலகை துறைமுகத்தில் நாளுக்கு 120 ஆம்பியர்-மணி தந்ததென்றால் கடலில் அதில் கணிசமாகக் குறையும். செலவோ அதிகம்: ஆட்டோபைலட் மணிக்கு 3 முதல் 6 ஆம்பியர், குளிர்பெட்டி நாளுக்கு 50, கருவிகளும் விளக்குகளும் 30. மொத்தம் 150-க்கு மேல். பற்றாக்குறைக்கு எஞ்சினைக் காலையில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டிவரும். யாரும் அசந்து தூங்காத நேரமாகப் பார்த்து ஓட்டுங்கள். ஈய பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுள் போகும். செயற்கைக்கோள் இணையத்தை நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் திறந்தால் போதும்.

எஞ்சின் நின்றுபோவது பெரும்பாலும் முதல் அலை நாளில். தொட்டியின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த கசடு கலங்கி வடிகட்டியை அடைக்கும். கிளம்புமுன் தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள், வடிகட்டி ஆறு கையிருப்பில் இருக்கட்டும், அதை மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற நால்வருக்கும் தெரிய வேண்டும். மணிக்கு 3 லிட்டர் டீசல் என்றால் 200 லிட்டரில் 65 மணி நேரம், 350 மைல் போகலாம். அதில் 50 லிட்டர் காலித் துறைமுகத்துக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.

காலை 8 மணிக் காவல்காரரின் முதல் வேலை படகை ஒரு சுற்று சுற்றுவது. மேல்தளத்தில் ஒரு சிறு ஆணியோ பிளவு ஊசியோ கிடந்தால் அது பாய்மரத்தில் எங்கோ இருந்து விழுந்தது. எங்கிருந்து என்று கண்டுபிடிக்கும் வரை மற்ற வேலை எதுவும் வேண்டாம். கயிறு எங்கே எதில் உரசுகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் பத்து நாள் உரசினால் 12 மில்லிமீட்டர் கயிறும் அறும். தினமும் ஒரு சாண் இழுத்தோ விட்டோ உரசும் இடத்தை மாற்றுங்கள். அடிப்பள்ளத்து நீரை நாக்கில் வைத்துப் பார்க்கலாம்: உப்பாக இருந்தால் வெளியிலிருந்து வருகிறது, இனிப்பாக இருந்தால் தொட்டி ஒழுகுகிறது. சுக்கான் இணைப்பு, எஞ்சின் எண்ணெய், பெல்ட். பிறகு காற்றழுத்தமானி. இந்தப் பகுதியில் அது தினமும் காலை 10, இரவு 10 மணியளவில் ஏறி, அதிகாலை 4, மாலை 4 மணியளவில் இறங்கும். 3 ஹெக்டோபாஸ்கல் ஆட்டம் சாதாரணம். நேற்று இதே மணியோடு ஒப்பிட்டு 3-க்கு மேல் குறைந்திருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

யாராவது கடலில் விழுந்தால்: 6 நாட் வேகம் என்பது நொடிக்கு 3 மீட்டர். ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள், 2 மீட்டர் அலையில் தலை தெரியாது. அதனால்தான் ராத்திரி எப்போதும், பகலில் தனியாக இருக்கும்போதும், இடுப்புக் கயிறு. காக்பிட்டை விட்டு முன்னே போக வேண்டுமென்றால் இன்னொருவரை எழுப்பிவிட்டே போக வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் அடுத்தவர் தூக்கத்தைக் கெடுப்பது கடமை.

மீன் பிடிப்பது பகலில் மட்டும், ஒரு மீன் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். சூரை இனத்தை உடனே இரத்தம் வடித்து, குடல் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் குழம்பில் போட வேண்டும். வெயிலில் கிடந்த சூரையில் உண்டாகும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

கடிகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவுக்கும் இலங்கைக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். நம் கடிகாரத்தை மாற்றாமலே போனால் காலியில் காலை 9 மணிக்குத்தான் விடியும், 5–8 காவல்காரர் விடியலைப் பார்க்கவே மாட்டார். நான்காம் நாளும் ஏழாம் நாளும் நண்பகலில் ஒரு மணி நேரம் பின்னே தள்ளுங்கள், மீதி அரை மணியைச் சேர்ந்த பிறகு. ராத்திரியில் மாற்றினால் ஒருவர் தலையில் ஒரு மணி நேரக் காவல் கூடுதலாக விழும். லாக் புத்தகம் மட்டும் உலகப் பொது நேரத்தில்.

நண்பர்கள் என்பதாலேயே சில விஷயங்களை எழுதி வைக்க வேண்டும். கேப்டன் ஒருவரே, அவர் முடிவே முடிவு; வாக்குவாதம் காலியில் இறங்கிய பிறகு. சாப்பாடு, டீசல், துறைமுகக் கட்டணம் எல்லாம் ஒரே பொதுப்பணம், கிளம்புமுன்னே போட்டுவிடுவது. படகு ஓடும்போது மது கிடையாது. இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது: கேப்டனை எந்த நேரத்திலும் எந்தச் சின்ன சந்தேகத்துக்கும் எழுப்பலாம், எழுப்பியதற்காக அவர் ஒரு முறைகூட முகம் சுளிக்கக் கூடாது. “இதுக்கா எழுப்பினே?” என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அந்த நண்பர் அடுத்தமுறை எழுப்ப மாட்டார். அந்த அடுத்தமுறைதான் கப்பல் நெருங்கியிருக்கும்.

வீட்டில் ஒருவரைப் பொறுப்பாளராக வையுங்கள். படகின் பேர், நிறம், எம்எம்எஸ்ஐ எண் (படகின் ரேடியோ அடையாள எண்), ஈபெர்ப் எண் (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாகச் சைகை அனுப்பும் கருவியின் எண்), நால்வரின் கடப்பிதழ் நகல், பாதை, சேரும் நாள் எல்லாம் ஒரே தாளில் அவரிடம் இருக்கட்டும். தினமும் ஒரு குறுஞ்செய்தி, எங்கே இருக்கிறோம் என்று. 24 மணி நேரம் செய்தி வராவிட்டால் கருவி கெட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். 48 தாண்டினால் 999-ஐ அழைத்து, மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதைக் கிளம்புமுன்னே அம்மா அப்பாவிடமும் விளக்கிவிடுங்கள், ஒருநாள் செய்தி தாமதித்தால் ஊரே கலங்கிப் போகாமல் இருக்கும்.

காலித் துறைமுகத்துக்குள் ராத்திரியில் நுழையாதீர்கள். நேரம் தப்பினால் கரையிலிருந்து விலகி, முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானை மறுபக்கம் பூட்டினால் படகு ஏறக்குறைய அசையாமல் மிதக்கும். காவல் ஒருவர், மற்றவர்கள் தூங்கலாம். இலங்கையில் படகுக்கு ஏஜென்ட் கட்டாயம். லங்காவியில் இருக்கும்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

இதையெல்லாம் சோதிக்க லுமுட்டிலிருந்து லங்காவிக்குக் காரில் போகாமல் படகிலேயே போங்கள். ஏறத்தாழ 130 மைல், ஒரு ராத்திரியும் ஒரு பகலும். டிசம்பர் கடைசி வாரத்தில், இதே காவல் நேரம், இதே சமையல்முறை. லங்காவியில் இறங்கியதும் ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று எழுதுங்கள். 4 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர் ஏன் தூங்கவில்லை, சத்தமா, சூடா, பயமா, படுக்கையா என்று கேட்டு அதைச் சரிசெய்யப் பொங்கல் வரை நேரம் இருக்கும். யாராவது எனக்கு இது வேண்டாம் என்று சொன்னால், அவருக்குப் பதில் ஆள் தேடவும் அதே நேரம் போதும்.